பூகி வூகி பியானோ: யார் தொடங்கி வைத்தது, யாரைக் கேட்பது?

சாருகேசி85

பூகி வூகி என்றால் என் வயதுக்காரர்களுக்கு சோனி டிவி நடனப் போட்டிதான் ஞாபகம் வரும். நான் கேட்க வந்தது பியானோ சங்கதி. லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் ஸ்டேஷனில் பொதுமக்களுக்காக வைத்திருக்கும் பியானோவில் ஆட்கள் உட்கார்ந்து வெளுத்துக்கட்டும் வீடியோக்களை யூடியூப் எனக்குத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. இடது கை ஒரே சுற்றைத் திரும்பத் திரும்ப உருட்டுகிறது, வலது கை அதன் தலைமேல் என்னென்னவோ செய்கிறது. பூர்வீகம் என்ன என்று தேடினால் பாதிப் பேர் பைன்டாப் ஸ்மித் கண்டுபிடித்தது என்கிறார்கள். மீதிப் பேர் டெக்சாஸில் ரயில் சத்தத்தைக் கேட்டு வந்தது என்கிறார்கள். எதை நம்புவது? அப்புறம், யாரிடமிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

எட்டுக்கட்டை

பைன்டாப்பை முதலில் முடித்துவிடலாம். கிளாரன்ஸ் 'பைன்டாப்' ஸ்மித் அலபாமா மாநிலம் ட்ராய் ஊர்க்காரர், 1904-இல் பிறந்தவர். மேடை நகைச்சுவை, பாடகர்களுக்குப் பக்கவாத்தியம் என்று பல ஊர் சுற்றிவிட்டு 1928-இல் சிகாகோ வந்தார். அங்கே போ என்று சொல்லி அனுப்பியவர் கௌ கௌ டேவன்போர்ட், அவரும் பெரிய பியானோக்காரர். அதே வருடம் டிசம்பர் 29 அன்று வோகாலியன் கம்பெனிக்காகப் பதிந்த 'பைன்டாப்ஸ் பூகி வூகி' இசைத்தட்டுதான் இந்தப் பெயரை ஊரறியச் செய்தது. வாசித்துக்கொண்டே ஆடுகிறவர்களுக்கு உத்தரவு போடுவார்: இப்போது அசையாமல் நில், இப்போது ஆடு. மூன்று மாதம்கூட ஆகவில்லை, 1929 மார்ச் 15-இல் சிகாகோ நடனக் கூடம் ஒன்றில் நடந்த சண்டையில் குண்டு பட்டு இறந்துபோனார். வயது 24.

பெயரைப் பரப்பியவர் என்ற அளவில் அவருக்குப் பங்கு உண்டு. கண்டுபிடித்தார் என்பது அதிகம். 1924-இலேயே ஜிம்மி ப்ளைத் 'சிகாகோ ஸ்டாம்ப்' பதிந்துவிட்டார். அதற்கும் முன்னால் ஹியூஸ்டனைச் சேர்ந்த ஜார்ஜ் தாமஸ், ஹெர்சல் தாமஸ் என்ற அண்ணன் தம்பி 'தி ஃபைவ்ஸ்' என்ற பாட்டை 1922-இல் நொட்டேஷனாக அச்சிட்டு விற்றிருக்கிறார்கள். ஜார்ஜ் தனியாக 1916-இல் அச்சிட்ட 'நியூ ஆர்லியன்ஸ் ஹாப் ஸ்காப் ப்ளூஸ்' பாட்டிலும் அந்த உருளும் பேஸ், அதாவது இடது கையின் கீழ்ச்சுரச் சுற்று, இருக்கிறது. 'தி ஃபைவ்ஸ்' வந்தபோது தம்பி ஹெர்சலுக்குப் பதினாறு வயதுகூட நிரம்பவில்லை. அந்தப் பையனும் 1926-இல் இருபது தொடுவதற்குள் போய்விட்டான். அவன் பதிந்த 'சூட்கேஸ் ப்ளூஸ்' தேடிக் கேளுங்கள். பின்னால் வந்த ஆல்பர்ட் அமன்ஸ் அதை 1939-இல் மறுபடி வாசித்தார். பைன்டாப்புக்குக் கிடைத்த புகழில் கால்வாசி ஹெர்சலுக்குக் கிடைத்திருந்தால்கூடச் சந்தோஷப்பட்டிருப்பேன்.

மீனா_கீபோர்ட்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இடது கை 'உருளும்' என்கிறீர்களே, நிஜமாக என்ன வாசிக்கிறார்கள்? கிரேடு பரீட்சைக்கு வாசிக்கிற எனக்கு இது பாடத்திட்டத்திலேயே வரவில்லை.

எட்டுக்கட்டை

சி-யில் வைத்துச் சொல்கிறேன், பக்கத்தில் கீபோர்டு இருந்தால் போட்டுப் பாருங்கள். சி, ஈ, ஜி, ஏ, பி ஃப்ளாட், திரும்ப ஏ, ஜி, ஈ. மொத்தம் எட்டு சுரம், ஒரு பாருக்குள், அதாவது நான்கு எண்ணிக்கை கொண்ட ஒரு சுற்றுக்குள், அடங்கிவிடும். ஒவ்வொரு சுரத்தையும் ஆக்டேவாக உடைத்து, கீழே ஒன்று மேலே ஒன்று என்று சுண்டுவிரலும் கட்டைவிரலும் மாறி மாறிப் போட்டால் அது 'வாக்கிங் பேஸ்'. இன்னொரு வகை இன்னும் எளிது: சி-யும் ஜி-யும் சேர்த்து ஒரு அடி, சி-யும் ஏ-யும் சேர்த்து ஒரு அடி, இதையே ஆட்டிக்கொண்டிருப்பது. ராக் அண்ட் ரோல் கிட்டார்காரர்கள் எல்லாரும் பிழைத்தது இதை வைத்துத்தான்.

இதை 12 பார் ப்ளூஸ் சட்டத்தில் பொருத்த வேண்டும். நான்கு பார் சி, இரண்டு எஃப், இரண்டு சி, ஒரு ஜி, ஒரு எஃப், இரண்டு சி. மறுபடி முதலில் இருந்து. இடது கை இதைவிட்டு விலகாது. வலது கைக்குத்தான் முழுச் சுதந்திரம்: நடுக்கம், மூன்று மூன்றாக அடிப்பது, ஒரே சுரத்தைச் சுத்தியல் போடுவது, இடது கையின் தாளத்தோடு மோதிக்கொண்டே போவது.

தாளம்பிசகாதவன்

ஒரு பாருக்கு எட்டு அடி என்றால் நம்ம ஆதி தாளம்தானே? எட்டு அட்சரம். சும்மா கேட்கிறேன்.

நீலச்சுரம்

எண்ணிக்கை ஒன்று என்பதோடு உறவு முடிந்தது சார். இந்த எட்டும் சமமாக விழாது. இரண்டு இரண்டாகப் பிடித்து முதலாவதை நீட்டி இரண்டாவதைச் சுருக்கி வாசிப்பார்கள், திஸ்ரம் போல மூன்றாக வெட்டி நடுவில் ஒன்றை விழுங்கிய கணக்கு. வேகம் கூடக் கூட அந்த நெளிவு குறைந்து சமமாகிவிடும். பூகி பியானோக்காரர்களில் பீட் ஜான்சன் வேகமாக வாசிக்கும்போது கிட்டத்தட்ட நேர்கோடு, ஜிம்மி யான்சி நிதானமாக வாசிக்கும்போது நல்ல நெளிவு. இவர்களைப் பற்றி யாராவது எழுதுவீர்கள் என்று காத்திருக்கிறேன்.

கரிவண்டி

ரயில் கதையை லேசாகத் தள்ளிவிடாதீர்கள். தெற்கு ரயில்வேயில் பாதைப் பராமரிப்புப் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான், சத்தம் விஷயத்தில் கொஞ்சம் பேச உரிமை உண்டு.

இரண்டு சிலிண்டர் நீராவி இன்ஜினில் சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் புகைபோக்கியில் நான்கு வெடிப்பு வரும். இரண்டு சுற்றுக்கு எட்டு. இது ஒன்று. இரண்டாவது, தண்டவாள ஜாயின்ட். நம்மூரில் நேர்பாதையில் இரண்டு பக்கத் தண்டவாள ஜாயின்ட்டும் எதிரும் புதிருமாக ஒரே இடத்தில் வரும், அதனால் தடக்-தடக், இடைவெளி, தடக்-தடக். அமெரிக்காவில் வழக்கம் வேறு. இடப்பக்க ஜாயின்ட் வரும் இடத்தில் வலப்பக்கம் தண்டவாளத்தின் நடுப்பகுதி இருக்கும். ஃபிஷ்பிளேட் (தண்டவாளங்களை இணைக்கும் இரும்புப் பட்டை) மாற்றி மாற்றி வருவதால் அடியும் இடம், வலம், இடம், வலம் என்று விட்டுவிட்டு விழும், இடைவெளி அவ்வளவாகத் தெரியாது. அதைக் கேட்டு வளர்ந்தவன் இடது கையில் இப்படி ஓயாத ஓட்டம் வருவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

இடமும் பொருந்துகிறது. கிழக்கு டெக்சாஸ் மார்ஷல் ஊரில்தான் டெக்சாஸ் அண்ட் பசிபிக் ரயில்வேயின் பட்டறை இருந்தது, 1870களில் வந்தது. அந்த நகர நிர்வாகம் 2010-இல் பூகி வூகி பிறந்த ஊர் எங்களுடையது என்று தீர்மானமே போட்டுவிட்டது. இந்த வாசிப்புக்குப் பழைய பெயர்களில் ஒன்று 'ஃபாஸ்ட் வெஸ்டர்ன்'. சிகாகோ பியானோக்காரர் மீட் லக்ஸ் லூயிஸ் பெயர் சொல்லும் உருப்படியே 'ஹாங்கி டாங்க் ட்ரெயின் ப்ளூஸ்'. அவர் அப்பா புல்மன் தூங்கும் வசதிப் பெட்டிகளில் போர்ட்டர். சிகாகோவில் அவர்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ரயில் ஓடியது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

நீலச்சுரம்

கரிவண்டி சார், ஜாயின்ட் விவரம் அருமை, இதுவரை எந்த இசைக் கட்டுரையிலும் நான் படித்ததில்லை. ரயில் இல்லாமல் இந்த இசை இல்லை என்பதிலும் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் ரயிலின் சத்தத்தைவிட ரயில் போன பாதைதான் முக்கியம் என்பேன்.

அந்தப் பாதைகள் எதற்காகப் போட்டார்கள்? பைன் காடுகளுக்குள் போய் மரம் கொண்டுவர. மரம் வெட்டும் முகாம், டர்பன்டைனுக்குப் பிசின் எடுக்கும் முகாம், சிலீப்பர் கட்டை அறுக்கும் முகாம், எல்லா இடத்திலும் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் அடிமை முறை ஒழிந்த பிறகு கூலிக்கு வந்த கறுப்பின மக்கள். சனிக்கிழமை கூலி கையில் வந்ததும் அவர்கள் வெளியே போகாமல் இருக்க முகாமுக்குள்ளேயே ஒரு கொட்டகை. பீப்பாய்களின் மேல் பலகையைப் போட்டால் மதுக்கடை, அதனால்தான் 'பேரல்ஹவுஸ்'. மூலையில் ஒரு அப்ரைட் பியானோ. அப்போது அமெரிக்காவில் பியானோ மலிவாக மலைபோல் உற்பத்தியானது, 1909-இல் மட்டும் மூன்றரை லட்சத்துக்கு மேல்.

இப்போது அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவனை யோசித்துப் பாருங்கள். டிரம் இல்லை, பேஸ் இல்லை, மைக் இல்லை. பியானோவில் நாலு கட்டை வேலை செய்யாது, சுருதி எப்போதோ போய்விட்டது. அறை முழுக்கச் சத்தம், விடியும்வரை ஆட வேண்டிய கூட்டம். சம்பளம் என்றால் குடியும் ஆட்கள் போடும் சில்லறையும். ஒரு ஆள் ஒரு பேண்டாக மாறியே தீர வேண்டும். இடது கையில் தாளத்தை இறக்கி வைத்துவிட்டால் வலது கை தப்பும் தவறுமாகப் போனாலும் ஆட்டம் நிற்காது. அடுத்த வாரம் சரக்கு ரயிலில் தொற்றி அடுத்த முகாம். ஒருத்தன் வாசித்த பேஸ் சுற்று இப்படித்தான் டெக்சாஸிலிருந்து லூசியானாவுக்கும் அலபாமாவுக்கும் போய்ச் சேர்ந்தது.

லெட்பெல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கிட்டார்காரர். ஷ்ரீவ்போர்ட் ஃபானின் தெரு விடுதிகளில் பியானோக்காரர்கள் இடது கையால் வாசித்ததைப் பார்த்துத்தான் தன் கிட்டாரில் பேஸ் நடையைப் பழகினேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். அது 1900களின் தொடக்கம், முதல் பூகி இசைத்தட்டு வருவதற்கு ஏறக்குறைய இருபது வருடம் முன்பு. அப்போது வாசித்தவர்களின் பெயர்கூட நமக்கு மிஞ்சவில்லை.

கரிவண்டி

சரி, பாதையும் என்னுடையதுதான், சத்தமும் என்னுடையதுதான். இரண்டில் எதைச் சொன்னாலும் ரயில்வேக்குத்தான் பெருமை.

ஓரமா_நிக்கிறேன்

ஹா ஹா. ஐயாவுக்கு ஒரு லைக்.

சாருகேசி கேட்ட இரண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. என் பங்குக்கு: சிகாகோவில் ஆரம்பியுங்கள். தெற்கிலிருந்து லட்சக்கணக்கில் வடக்கே வந்த காலம். வாடகை கட்ட முடியாதவர்கள் வீட்டில் ஒரு பார்ட்டி வைத்து வருகிறவர்களிடம் நுழைவுக்காசு வாங்குவார்கள், பியானோக்காரருக்குச் சாப்பாடும் குடியும். மீட் லக்ஸ் லூயிஸும் ஆல்பர்ட் அமன்ஸும் அப்படி வீடு வீடாக வாசித்து வளர்ந்த பையன்கள். இருவரும் பகலில் டாக்சி ஓட்டினார்கள். பைன்டாப்பும் இவர்களும் கொஞ்ச காலம் ஒரே கட்டடத்தில் குடியிருந்தார்கள். அந்தக் கட்டடத்தில் தூங்கினவன் பாவம்.

லூயிஸ் 'ஹாங்கி டாங்க் ட்ரெயின்' பதிந்தது 1927-இல். பாரமவுண்ட் கம்பெனி அந்தத் தட்டைத் தாமதமாக வெளியிட்டது, பொருளாதார மந்தத்தில் யாரும் கவனிக்கவில்லை. ஜான் ஹேமண்ட் என்ற பணக்கார வீட்டு இசைப்பித்தர் அந்தத் தட்டைக் கேட்டுவிட்டு ஆளைத் தேடு தேடு என்று தேடி, கடைசியில் 1935-இல் அமன்ஸ் மூலம் கண்டுபிடித்தபோது லூயிஸ் சிகாகோவில் கார் கழுவிக்கொண்டிருந்தார்.

நீலச்சுரம்

யான்சியை விட்டுவிட்டீர்களே. இந்த இழையில் ஒரே ஒருவரைத்தான் கேட்பேன் என்று யாராவது சொன்னால் ஜிம்மி யான்சியைக் கேளுங்கள்.

சின்ன வயதில் வோட்வில் எனும் பல்சுவை நிகழ்ச்சி மேடைகளில் டாப் டான்ஸ் ஆடினவர், ஐரோப்பா வரை போய் வந்தவர். அதை விட்டுவிட்டு ஊரோடு இருக்க முடிவு செய்து, சிகாகோ ஒயிட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் காமிஸ்கி பார்க் மைதானத்தில் புல்வெளி பராமரிக்கும் வேலையில் சேர்ந்தார். ஏறக்குறைய 25 வருடம் அந்த வேலைதான். பியானோ சாயங்காலத்துக்கு. அமன்ஸ், லூயிஸ் எல்லாம் அவரிடம் கேட்டுக் கற்றவர்கள். லூயிஸ் 1936-இலேயே 'யான்சி ஸ்பெஷல்' என்று அவர் பெயரில் ஒரு உருப்படி பதிந்தார். யான்சிக்கே முதல் பதிவு வாய்த்தது 1939-இல்தான், நாற்பதைத் தாண்டிய பிறகு.

மற்றவர்கள் எட்டையும் நிரப்புவார்கள், இவர் பாதியை விட்டுவிடுவார். அந்த இடது கையில் க்யூபாவின் ஹபனேரா நடை மாதிரி ஒரு தயக்கம் இருக்கும். வலது கையிலும் நாலே சுரம், அதையும் யோசித்து வைப்பார். இன்னொரு விசித்திரம்: எந்த ஸ்கேலில் வாசித்தாலும் முடிக்கும்போது ஈ ஃப்ளாட்டில் போய்த்தான் முடிப்பார். ஜி-யில் ஓடிக்கொண்டிருக்கும், கடைசி இரண்டு பாரில் சம்பந்தமே இல்லாமல் ஈ ஃப்ளாட்டில் இறங்கிவிடும். முதல் தடவை கேட்பவர்கள் பதிவு கெட்டுவிட்டது என்றே நினைப்பார்கள்.

எட்டுக்கட்டை

யான்சி விஷயத்தில் முழுச் சம்மதம். ஆனால் உலகம் திரும்பிப் பார்த்தது 1938 டிசம்பர் கடைசி வாரத்தில். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும்.

டிசம்பர் 23, நியூயார்க் கார்னகி ஹால். ஹேமண்ட் 'ஃப்ரம் ஸ்பிரிச்சுவல்ஸ் டு ஸ்விங்' என்ற கச்சேரியை நடத்துகிறார், முந்தைய வருடம் இறந்த ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித் நினைவாக. அமன்ஸ், லூயிஸ், கான்சாஸ் சிட்டியிலிருந்து பீட் ஜான்சன், மூவரும் ஒரே மேடையில். ஜான்சனோடு பிக் ஜோ டர்னர், கான்சாஸ் சிட்டி மதுக்கடையில் குடி ஊற்றிக்கொண்டே பாடிப் பழகிய குரல். மறுநாளே நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் மூவரையும் காங்கிரஸ் நூலகத்துக்காகப் பதிகிறார். டிசம்பர் 30-இல் ஜான்சனும் டர்னரும் 'ரோல் எம் பீட்' பதிகிறார்கள். அதைக் கேட்டுவிட்டு ராக் அண்ட் ரோல் 1950களில் பிறந்தது என்று யாராவது சொல்லட்டும் பார்க்கலாம்.

அந்தக் கச்சேரியில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் ஆல்ஃபிரட் லயன், பெர்லினிலிருந்து வந்து குடியேறியவர். இரண்டே வாரத்தில், 1939 ஜனவரி 6 அன்று, ஸ்டுடியோவை வாடகைக்குப் பிடித்து அமன்ஸையும் லூயிஸையும் உட்கார வைத்துவிட்டார். ப்ளூ நோட் கம்பெனியின் முதல் பதிவு அதுதான். ஜாஸ் உலகமே தலைவணங்கும் அந்த லேபிள் இரண்டு முன்னாள் டாக்சி டிரைவர்களின் பூகியில் தொடங்கியது. அப்போது வழக்கமான 10 அங்குலத் தட்டில் மூன்று நிமிடத்தில் முடித்தாக வேண்டும். லயன் 12 அங்குலத் தட்டில் வெளியிட்டார், அதனால் நான்கு நிமிடத்துக்கு மேல் மூச்சு விட்டு வாசிக்க முடிந்தது. அமன்ஸின் 'பூகி வூகி ஸ்டாம்ப்' 1936-இல் குழுவோடு பதிந்தது, 1939-இல் தனியாகப் பதிந்தது, இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் இந்த வித்தியாசம் பிடிபடும்.

மீனா_கீபோர்ட்

பெண்கள் யாருமே வாசிக்கவில்லையா? இதுவரை பத்துப் பதினைந்து பெயர் வந்துவிட்டது, எல்லாம் ஆண்கள்.

ஓரமா_நிக்கிறேன்

நல்ல கேள்வி, இங்கே யாராவது கேட்டிருக்க வேண்டியது. கார்னகி கச்சேரிக்கு மூன்று வருடம் முன்பே, 1935-இல், க்ளியோ பிரவுன் பைன்டாப்பின் உருப்படியை டெக்கா கம்பெனிக்காகப் பதிந்தார். அந்தப் பாட்டை ஜனங்களுக்கு மறுபடி ஞாபகப்படுத்தியதில் அவருக்குப் பெரிய பங்கு. மேரி லூ வில்லியம்ஸ் 1937-இல் பென்னி குட்மன் குழுவுக்காக எழுதிக் கொடுத்த 'ரோல் எம்', ஒரு பெரிய பேண்ட் முழுவதையும் பூகியில் ஓட்டியது. 1945-இல் ஹேடா ப்ரூக்ஸ், 'ஸ்விங்கிங் தி பூகி'. மாடர்ன் என்ற லேபிளே அவருடைய தட்டோடுதான் தொடங்கியது. லேபிளை நடத்தியவர்கள் பிஹாரி சகோதரர்கள், பாட்னாக்காரர்கள் என்று நினைக்காதீர்கள், ஹங்கேரிப் பூர்வீக யூதக் குடும்பம். அப்புறம் கமில் ஹோவர்டின் 'எக்ஸ்டெம்பரேனியஸ் பூகி'. பெயரிலேயே கையில் வந்ததை வாசித்தது என்று சொல்லிவிட்டார், 1948-இல் நல்ல விற்பனை.

தாளம்பிசகாதவன்

இவ்வளவு பெரிய அலை ஏன் அடங்கியது?

நீலச்சுரம்

திகட்டிவிட்டது. பேண்ட் தலைவர் டாமி டார்சி 1938-இல் பைன்டாப்பின் உருப்படியை ஸ்விங் பேண்டுக்கு மாற்றிப் பதிந்தார், லட்சக்கணக்கில் விற்றது. 1940-இல் 'பீட் மீ டாடி' பாட்டு, 1941-இல் ஆண்ட்ரூஸ் சிஸ்டர்ஸின் 'பூகி வூகி பியூகிள் பாய்'. போர்க்காலத்தில் எதை எடுத்தாலும் பூகி. மோந்த்ரியான் என்ற ஓவியர் 'பிராட்வே பூகி வூகி' என்று மஞ்சள், சிவப்பு, நீலக் கட்டங்களாக வரைந்தே வைத்தார். பேண்டுக்குப் போனதும் இடது கையின் வேலையை டிரம்மும் பேஸும் வாங்கிக்கொண்டன. பியானோக்காரர் ஒருவரே எல்லாமாக இருக்க வேண்டிய கட்டாயம் போய்விட்டது. அந்தக் கட்டாயம் இல்லாத பூகி எனக்கு என்னவோ உப்பில்லாமல் இருக்கிறது. டார்சி ரசிகர்கள் கோபித்துக்கொள்ளலாம்.

அமன்ஸ் 1949-இல் அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் பதவியேற்பு விழாவில் வாசித்தார், அந்த வருடக் கடைசியிலேயே காலமானார். யான்சி 1951. ஜான்சனுக்கு டயர் மாற்றும்போது நேர்ந்த விபத்தில் விரலில் ஒரு பகுதி போய்விட்டது. லூயிஸ் 1964-இல் கார் விபத்தில்.

எட்டுக்கட்டை

அடங்கியது அமெரிக்காவில். ஐரோப்பாவில் இன்றைக்கும் ஓடுகிறது. ஹாம்பர்க்கின் ஆக்சல் ஸ்விங்கன்பெர்கர் ஐம்பது வருடமாக இதே வேலையாக இருக்கிறார். ரோலிங் ஸ்டோன்ஸ் டிரம்மர் சார்லி வாட்ஸ் கடைசிக் காலத்தில் அவரோடும் பென் வாட்டர்ஸோடும் சேர்ந்து பூகிக்காகவே ஒரு குழு வைத்திருந்தார். கரிவண்டி சாருக்கு ஒரு தகவல்: ஸ்விங்கன்பெர்கர் நீராவி இன்ஜின் பைத்தியம், ரயில் புகைப்படக்காரரும்கூட.

கரிவண்டி

அப்படிச் சொல்லுங்கள்! நல்ல மனிதர்.

மீனா_கீபோர்ட்

எட்டுக்கட்டை சொன்ன வாக்கிங் பேஸைப் போட்டுப் பார்த்தேன். இரண்டு சுற்று தாங்குவதற்குள் முழங்கைக்குக் கீழே விறைத்துப்போகிறது. இவர்கள் விடியும்வரை எப்படி வாசித்தார்கள்?

எட்டுக்கட்டை

விரலால் அடிக்கிறீர்கள், அதனால்தான். மணிக்கட்டை லேசாக விட்டு, கதவுக் கைப்பிடியைத் திருகுவது போல முன்கையைச் சுண்டுவிரல் பக்கமும் கட்டைவிரல் பக்கமும் உருட்டுங்கள். கட்டையை ஆழமாக அழுத்த வேண்டாம். மெட்ரோனோமை 80-க்கு மேல் வைக்காதீர்கள். ஆக்டேவை ஒதுக்கி வைத்துவிட்டு, சி-ஜி, சி-ஏ ஆட்டத்தில் முதலில் 12 பார் முழுக்க நிற்காமல் போய் வாருங்கள். வலது கையைத் தொடவே தொடாதீர்கள். இடது கை ஓடும்போது நீங்கள் பக்கத்தில் இருப்பவரிடம் பேச முடிகிறதா என்று பாருங்கள். பேச முடிந்தால் வலது கைக்கு நேரம் வந்துவிட்டது. பைன்டாப் செய்ததும் அதுதானே, வாசித்துக்கொண்டே ஆட்களை அதட்டினார். வலி இருந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள், பழக்கத்தில் போகும் என்று பொறுத்துக்கொள்ள வேண்டாம்.

சாருகேசி85

எல்லாருக்கும் நன்றி. ஹெர்சலில் தொடங்கி யான்சி வரை வந்துவிட்டேன். ஈ ஃப்ளாட் விஷயம் நிஜம்தான், ஒவ்வொரு முறையும் தூக்கிப்போடுகிறது. ரயிலைப் பற்றியே வேறு ஏதாவது உருப்படி உண்டா? கரிவண்டி சாருக்கும் சேர்த்துக் கேட்கிறேன்.

ஓரமா_நிக்கிறேன்

வெஸ்லி வாலஸ், 'நம்பர் 29', 1930. பாரமவுண்ட் தட்டு. டிக்கெட் இல்லாமல் சரக்கு வண்டியில் தொற்றிப்போகும் ஒருவனின் கதையை வாசித்துக்கொண்டே சொல்வார். வண்டி வேகம் எடுப்பது, பயந்துபோய்க் குதிப்பது, தரையில் உருள்வது, எல்லாவற்றுக்கும் பியானோவில் தனித்தனிச் சத்தம் உண்டு. பதிவில் கரகரப்பு அதிகம், ஹெட்போனில் கேளுங்கள்.

கரிவண்டி

கேட்டுவிட்டேன். ஓடுகிற வண்டியிலிருந்து குதிக்கவே கூடாது. மற்றபடி வாசிப்பு பிரமாதம். வேகம் எடுக்கும் இடத்தில் ஜாயின்ட் சத்தம் வருகிறதா என்று நீலச்சுரம் ஒருமுறை கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.